இயற்கைத் தேர்வு கழிக்கத்தான் செய்கிறது என்றால், புது இனம் எங்கிருந்து வருகிறது?

"தகுதியற்றதைக் கழிப்பதுதானே தேர்வு, கழித்தால் புதிது எப்படி வரும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். தேர்வு மட்டும் போதாதுதான். மரபணுக்களில் தற்செயலாக மாற்றங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. பிழைப்புக்கு உதவும் மாற்றம் அடுத்த தலைமுறைகளில் பெருகும், இனமும் மெல்ல மாறும். ஆனால் ஓர் இனம் இரண்டாக வேண்டுமானால், இரு கூட்டங்களுக்கும் நடுவே இணைசேர்க்கை அற்றுப்போக வேண்டும். என்னைக் கேட்டால், பள்ளிப் பாடத்தில் நாம் கோட்டை விடுவது இந்தப் பாதியைத்தான்.

சிங்கப்பூரில் இருப்பவர் இதைக் காண, டார்வின் போய்ப் பார்த்த கலாபகோஸ் தீவுகள் வரை போக வேண்டாம். தேக்காச் சந்தையில் நண்டு வாங்கும்போது புரட்டிப் பாருங்கள். பெட்டைக்கு வயிற்று மடிப்பு அகன்றிருக்கும். முட்டையை அதனடியில்தான் சுமக்கும். கடல் நண்டு இலட்சக்கணக்கில் முட்டையிடும். பொரித்து வரும் நுண்ணிய குஞ்சுகள் வாரக்கணக்கில் நீரோட்டத்தில் மிதந்து எங்கெங்கோ போய்ச் சேரும். அதனால் தூரத்துக் கரைகளோடும் உறவு அறுவதில்லை.

புக்கித் தீமா குன்றின் ஓடைகளில் வாழும் சிங்கப்பூர் நன்னீர் நண்டு அப்படியல்ல. மூன்று சென்டிமீட்டர் அகலம்தான் இருக்கும். கொஞ்சம் முட்டைதான் இடும், அவை பெரியவை. உள்ளிருந்து நண்டாகவே வெளியே வரும். மிதந்து திரியும் பருவமே கிடையாது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் ஏறக்குறைய 120 மீட்டர் தாழ்ந்திருந்தபோது, இந்தத் தீவு மலாய்த் தீபகற்பத்தோடு ஒரே நிலமாகத்தான் கிடந்தது. ஆனால் மலையோடையை நம்பி வாழும் பிராணிக்கு நடுவிலுள்ள தாழ்நிலமும் ஒரு சுவர்தான். அதன் பேரினத்தை, அதாவது நெருங்கிய இனங்களின் தொகுதியைச் சேர்ந்த மற்ற நண்டுகள் தீபகற்பத்திலும் தியோமான் தீவிலும் தனித்தனி இனங்களாக வாழ்கின்றன.

1854இல் இதே புக்கித் தீமாவில் வண்டு சேகரித்த ஆங்கிலேய இயற்கை ஆய்வாளர் வாலஸ், மறு ஆண்டே போர்னியோ தீவின் சரவாக்கில் இருந்து எழுதினார்: புது இனம் ஒவ்வொன்றும், நெருங்கிய பழைய இனம் ஒன்று இருந்த இடத்தையும் காலத்தையும் ஒட்டியே தோன்றுகிறது என்று. எப்படித் தோன்றுகிறது என்பதற்கு இயற்கைத் தேர்வு என்ற விடை அவருக்கு 1858இல்தான் கிடைத்தது.

ஆனால் பிரித்துவிட்டாலே புது இனம் வந்துவிடும் என்று நினைத்துவிடாதீர்கள். பிரிந்த கூட்டம் நெடுங்காலம் தாக்குப்பிடிக்க வேண்டும். சிறு கூட்டம் பல நேரம் அதற்குள் அழிந்துபோகும். இந்த நண்டு அறிவியல் பெயர் பெற்ற 1986இல்தான், புக்கித் தீமா காட்டைப் பக்கத்துக் காட்டிலிருந்து துண்டித்த புக்கித் தீமா விரைவுச்சாலையும் (பிகேஇ) முடிந்தது. சிங்கப்பூரைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத இந்த நண்டு இன்று அழிவின் விளிம்பில் இருக்கிறது. அதை வளர்த்து வேறு ஓடையில் விட்டுப் பெருக்கப் பாடுபடுகிறார்கள். அந்த வேலை எனக்கு மிகப் பெரிதாகப் படுகிறது.