நடன இயக்குநரின் பங்கு – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற வாரக் குறிப்பில், இந்தித் திரையுலகின் நடன இயக்குநர் சரோஜ் கானைத் திரைப்பட இயக்குநருக்கு நிகரான படைப்பாளி என்று எழுதியிருந்தீர்கள். என்னால் அதை முழுவதுமாக ஏற்க முடியவில்லை. மெட்டு இசையமைப்பாளருடையது, வரிகள் கவிஞருடையவை, ஆடுவது நடிகை, படம்பிடிப்பது ஒளிப்பதிவாளர். இவர்களுக்கு நடுவில் அசைவு சொல்லிக்கொடுப்பவரை எப்படிப் படைப்பாளி என்பது? அத்தனை புகழ் பெற்றவர் கடைசியில் தொலைக்காட்சிப் போட்டிகளில் நடுவராக உட்கார்ந்து மதிப்பெண் போட்டதும் எனக்குச் சரிவாகவே தோன்றியது.

இதைக் கேட்பதற்குச் சொந்தக் காரணமும் உண்டு. என் அக்காள் மகள் பன்னிரண்டு ஆண்டுகள் பரதம் கற்றவள். பட்டப்படிப்பு முடித்துவிட்டு இப்போது சென்னையில் சினிமா பாடல்களுக்குக் குரூப் டான்ஸராக ஆடுகிறாள். டான்ஸ் மாஸ்டர் ஆவதே நோக்கம் என்கிறாள். வீட்டில் எல்லோருக்கும் கலக்கம். அவளிடம் என்ன சொல்வது?

வாசகி ஒருவர், திண்டுக்கல்
(பெயர் அவர் விருப்பப்படி தவிர்க்கப்பட்டுள்ளது.)

அன்புள்ள வாசகிக்கு,

ஒரு பாடல் நடன இயக்குநரின் கைக்கு வரும்போது அது வெறும் ஒலி. பல்லவி எங்கே முடிகிறது, இடையிசை எத்தனை எட்டுகளுக்கு (எட்டு தாள எண்ணிக்கை ஓர் எட்டு) நீள்கிறது என்று எண்ணிப் பிரித்து, எந்த வரியில் கால் ஓட வேண்டும், எந்த வரியில் உடல் அசையாமல் நிற்கக் கண் மட்டும் பேச வேண்டும், அந்தக் கண்ணுக்குக் கேமரா எவ்வளவு அருகில் வர வேண்டும் என்பதையெல்லாம் பெரும்பாலும் முடிவுசெய்பவர் அவர்தான். பாடலை முதலிலிருந்து கடைசிவரை யாரும் ஆடுவதில்லை. ஓரிரு வரிகள் ஒலிக்கும், அதற்கு மட்டும் ஆடுவார்கள், பிறகு விளக்குகளை மாற்றுவார்கள். காலையில் எடுத்த துண்டும் மறுநாள் மாலையில் எடுக்கும் துண்டும் திரையில் ஒரே மூச்சாக ஓட வேண்டுமென்றால், முழுப் பாடலும் வெட்டி ஒட்டப்பட்ட வடிவில் ஒருவர் மனத்துக்குள் முன்பே ஓடியிருக்க வேண்டும். படப்பிடிப்பில் அந்த மனம் பெரும்பாலும் நடன இயக்குநருடையது. நான்கைந்து நிமிடங்களுக்கு அவரே இயக்குநர் என்று நான் எழுதியது இந்தப் பொருளில்தான்.

உங்கள் அக்காள் மகளுக்கு இன்னொரு விளக்கம் எளிதில் பிடிபடும். பதம் என்ற அபிநயப் பாடலில் ஒரே வரி திரும்பத் திரும்ப வரும்போது, ஒவ்வொரு முறையும் அதற்கு வேறொரு பொருளை முகத்திலும் கையிலும் விரிப்பதைச் சஞ்சாரி என்று அவள் கற்றிருப்பாள். அதைச் சபையிலிருந்து எடுத்து மிக அண்மைக் காட்சிக்குள் வைத்ததே சரோஜ் கானின் சாதனை என்று நினைக்கிறேன். கடைசி வரிசைக்கும் தெரியும்படி முகத்தில் பெரிதாகக் காட்டும் பாவம், கேமராவின் முன் மிகையாகிவிடும். மாதுரி தீட்சித்துக்காக அவர் அமைத்த பாடல்களில் ஒரு புருவத்தின் உயர்வு, உதட்டோரத்தின் ஒரு தயக்கம் மெட்டின் எந்த இடத்தில் வந்து விழுகிறது என்று கவனித்துப் பாருங்கள். அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தது இசையமைப்பாளரும் அல்லர், கவிஞரும் அல்லர். நடிகையின் திறமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. இந்த இருவரும் சேரும்போது கிடைத்தது, தனித்தனியே எளிதில் கிடைக்காதது.

அவருடைய வாழ்க்கையை ஆண்டுக்கணக்கில் பார்த்தால் உங்கள் வீட்டின் கலக்கத்துக்கும் ஓரளவு பதில் கிடைக்கும். 1948இல் பம்பாயில் பிறந்தவர். மூன்று வயதில் குழந்தை நட்சத்திரம், ஏறக்குறைய பத்து வயதிலேயே பின்வரிசையில் ஆடும் குரூப் டான்ஸர். பிறகு நடன இயக்குநர் பி. சோகன்லாலின் உதவியாளராகச் சேர்ந்து கதக், பரதம், கதகளி, மணிப்புரி என்று பலவற்றை வேலையினூடே கற்றார். தனியாக நடனம் அமைக்கும் முதல் வாய்ப்பு 1974இல், நடிகை சாதனா இயக்கிய 'கீதா மேரா நாம்' படத்தில் வந்தது. ஆனால் நாடு முழுவதும் அவர் பெயரைக் கேட்க மேலும் 14 ஆண்டுகள் ஆயின. 1988இல் வந்த 'தேசாப்' படத்தின் 'ஏக் தோ தீன்' பாடலுக்குப் பிறகே, 1989இல், பிலிம்பேர் விருதுகளில் நடன அமைப்புக்கென்று ஒரு பிரிவு உருவாக்கப்பட்டது. முதல் விருது அவருக்கு. அப்போது அவருக்கு 40 வயது. அதாவது பரிசுப் பட்டியலில் பெயரே இல்லாத ஒரு வேலையை மூன்று பதிற்றாண்டுகள் செய்திருக்கிறார். உங்கள் அக்காள் மகள் இன்று நிற்கும் பின்வரிசை, தொழில் தொடங்குமுன் காத்திருக்கும் இடமல்ல. இத்தொழிலின் பள்ளிக்கூடமே அதுதான். அங்கிருந்து உதவியாளர், உதவியாளரிலிருந்து மாஸ்டர் என்ற ஏணி மும்பையிலும் சென்னையிலும் ஏறத்தாழ ஒன்றுதான்.

தொலைக்காட்சிக்கு வருகிறேன். 1990களின் பிற்பகுதியில் இந்திப் பாடல்களின் சுவை மாறியது. ஷியாமக் தாவர் போன்றவர்களின் மேலைப் பாணிக் குழுநடனங்கள் செல்வாக்குப் பெற்றன, பாரா கான் முன்னணிக்கு வந்தார், முகபாவத்துக்கு இருந்த இடம் சுருங்கியது. அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் 2005இல் 'நச் பலியே' நிகழ்ச்சியில் நடுவராக அமர்ந்தபோது அவர் ஓய்ந்துபோனவராக இல்லை. அதன் பிறகுதான், 2007இல், 'குரு' படத்தின் 'பர்சோ ரே' பாடல் வந்தது, அதே ஆண்டில் வந்த 'ஜப் வி மெட்' படத்துக்காகப் பின்னர் மூன்றாவது தேசிய விருதும் கிடைத்தது.

இவற்றைவிட முக்கியமானதாக நான் கருதுவது வேறு. திரைப்படத்தில் நடன இயக்குநரின் உண்மையான வேலை நமக்குத் தெரிவதே இல்லை. ஒத்திகையில் நூறு முறை நடந்த திருத்தங்கள் மறைந்து, திருத்தப்பட்ட அசைவு மட்டும், அதுவும் வேறொருவர் உடலில், நமக்குக் கிடைக்கிறது. திருத்துவதையே காட்சியாக்கியது தொலைக்காட்சிதான். 2008இல் 'நச்லே வே' என்ற நிகழ்ச்சியில் வீட்டிலிருக்கும் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் அவர் தம் பாடல்களின் அசைவுகளைச் சொல்லிக்கொடுத்தார். பருத்த, அறுபது வயதான ஓர் அம்மையார் ஒரு கையைத் தூக்கிக் கண்ணைத் திருப்பியதும் அதுவரை நடிகைகளின் முகங்களில் நாம் கண்டது எங்கிருந்து வந்தது என்பது விளங்கிவிட்டது. அதை மதிப்பெண் போடும் வேலை என்று என்னால் சொல்ல முடியாது. தமிழில் கலா மாஸ்டர் 2007 முதல் 'மானாட மயிலாட' நடத்தியபோதும், மாஸ்டர் என்பவர் என்ன செய்கிறார் என்பது பல வீடுகளுக்கு அப்போதுதான் தெரியவந்தது.

இனி, உங்கள் கலக்கத்தில் நியாயமான பகுதி. சரோஜ் கான் தம் 13ஆம் வயதில், தம்மைவிட மிக மூத்தவரும் ஏற்கெனவே மணமானவருமான குரு சோகன்லாலையே மணந்தவர். இதை அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். குருபக்தியின் கதையாக இதை வாசிக்க நான் ஒப்பமாட்டேன். ஒரு குழந்தைக்குக் கலையும் சோறும் ஒரே கையிலிருந்து கிடைக்கும்போது மறுக்கும் உரிமை அதற்கு இருப்பதில்லை. 2018இல், திரையுலகில் நடக்கும் பாலியல் சுரண்டலைப் பற்றி, இத்துறை பிழைப்பாவது தருகிறது என்ற பொருளில் அவர் பேசி, பிறகு மன்னிப்புக் கேட்டார். அந்தப் பேச்சு தவறு. ஆனால் அவர் எந்த வாழ்க்கையிலிருந்து அதைப் பேசினார் என்று நினைக்கும்போது எனக்குக் கோபத்தைவிடத் துயரமே மிகுகிறது. ஆகவே உங்கள் வீட்டுப் பெண்ணிடம் ஆடாதே என்று சொல்லாதீர்கள். நடனக் கலைஞர்கள் சங்கத்தில் உறுப்பினராகிவிட்டாளா, சம்பளம் நாள்தவறாமல் வருகிறதா, இரவுப் படப்பிடிப்பு முடிந்தால் வீடு திரும்ப வண்டி உண்டா, முழங்காலும் கணுக்காலும் எப்படி இருக்கின்றன என்று கேளுங்கள். மாஸ்டர் ஆவதற்கு ஆட்டம் மட்டும் போதாது என்பதால், படத்தொகுப்பையும் லென்ஸ்களையும் பற்றி அவள் படிக்க உதவுங்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு எந்த நேரத்திலும் திரும்பி வர ஒரு வீடு இருக்கிறது என்பதை மட்டும் அவள் ஒருபோதும் சந்தேகிக்கக் கூடாது.

ஒன்று கேட்டுக்கொள்கிறேன். சாரதா ராமநாதன் இயக்கி, லால்குடி ஜெயராமன் இசையமைத்த 'சிருங்காரம்' தமிழ்ப் படம். தேவதாசி ஒருத்தியின் கதை. மும்பையிலிருந்து வந்து அதற்கு நடனம் அமைத்த சரோஜ் கானுக்கு 2005ஆம் ஆண்டுக்கான தேசிய விருது கிடைத்தது. அதன் ஆடல் காட்சி ஒன்றை நீங்கள் இருவரும் சேர்ந்து, முதலில் ஒலியோடும் பிறகு ஒலியில்லாமலும் பாருங்கள். ஒலியில்லாதபோதும் எந்த இடத்தில் வரி திரும்பி வருகிறது என்று அவள் சொல்லக்கூடும். சொன்னால், எதை வைத்துச் சொன்னாள் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.