திங்கக்கிழமை ஆனா ஆளே வர்றதில்ல!

கேள்வி: சார், 40 பேர் வேலை பாக்குற யூனிட்ல நான் சூப்பர்வைசர். திங்கக்கிழமை ஆனா ஏழெட்டு பேர் மட்டம் போட்டுடுறாங்க, விடியறதுக்குள்ள போன் வரும், கேட்டா காய்ச்சல்ங்கறாங்க. சம்பளத்த பிடிச்சும் பாத்தாச்சு, ஒண்ணும் நடக்கல. இப்ப ஓனர், மாசம் முழுக்க லீவே போடாதவங்களுக்கு தனியா போனஸ் குடுத்துடலாம்ங்கறார். சரியா வருமா?

பதில்: போனஸ கொஞ்சம் நிறுத்தி வைக்க சொல்லுங்க. கேக்க நல்லாத்தான் இருக்கும், ஆனா ஜெர்மனில ஒரு ரீடெயில் கம்பெனில அப்ரெண்டிஸ் பசங்களுக்கு இதே மாதிரி பணம் குடுத்து ஆராய்ச்சி பண்ணி பாத்தாங்க, லீவ் குறையல, கூடிடுச்சு. அதுவரைக்கும் வேலைக்கு வர்றது கடமைன்னு நெனச்ச பசங்களுக்கு, ஓ, மட்டம் போடறது எல்லாரும் பண்றதுதான் போல, அதான் வந்தா காசு தர்றாங்கன்னு தோணிடுச்சு. இன்னொரு கூத்து, அஞ்சாம் தேதியே ஒருத்தருக்கு நிஜமா முடியலன்னா போனஸ் போச்சு, அப்புறம் மீதி 25 நாள் அவர் ஏன் மெனக்கெடணும்?

மொதல்ல ரிஜிஸ்டர எடுத்துட்டு உக்காருங்க. எத்தன நாள்னு மட்டும் கூட்டாதீங்க, எத்தன தடவைன்னு பாருங்க. ஒரேயடியா 10 நாள் ஆஸ்பத்திரில கெடந்தவரும், ஒவ்வொரு நாளா 10 தடவ நின்னவரும் மொத்தத்துல ஒண்ணுதான், ஆனா மொதல் ஆளுக்கு பதில் ஒருத்தர போட்டுடலாம், ரெண்டாவது ஆளுக்கு விடிகாலைல யார போய் தேடறது? இதுக்கு பிராட்ஃபோர்டு ஃபேக்டர்னு ஒரு கணக்கு இருக்கு. வருஷத்துல எத்தன தடவ லீவோ அந்த நம்பர அதாலயே பெருக்கி, அப்புறம் மொத்த நாளாலயும் பெருக்கணும். முன்னவருக்கு 10 வரும், பின்னவருக்கு 1000. உடனே இத வெச்சு மெமோ குடுக்க கெளம்பிடாதீங்க, ஆஸ்துமா, ஒத்த தலைவலி மாதிரி விட்டு விட்டு வர்ற நோய் உள்ளவங்களும் இதுல மேலதான் நிப்பாங்க. யார்கிட்ட உக்காந்து பேசணும்னு காட்டும், அவ்ளோதான் அதோட வேல.

அந்த திங்கக்கிழமை லிஸ்ட்ட ஷிஃப்ட் சார்ட்டோட வெச்சு பாருங்க. சனிக்கிழமை நைட் ஷிஃப்ட் பாத்துட்டு ஞாயிறு காலைல வீட்டுக்கு போனவங்க பேரே அதுல நெறைய இருந்தா கோளாறு சார்ட்லதான்.

லீவ் முடிஞ்சு வந்த அன்னைக்கே, மெஷின்கிட்ட போறதுக்கு முன்னாடி தனியா கூப்பிட்டு அஞ்சு நிமிஷம் பேசுங்க, உங்களுக்கு வேண்டப்பட்டவரா இருந்தாலும் சரி. "இப்ப பரவால்லயா, வேலைல ஏதாவது மாத்தி தரணுமா" போதும். நாலு பேர் முன்னாடி "ஏன்யா வரல"ன்னு கேட்டீங்கன்னா அடுத்த தடவ போன் கூட பண்ண மாட்டாங்க.

காய்ச்சல் விஷயத்துக்கு வரேன். பாதி பேருக்கு காய்ச்சல் இருக்காதுங்கறது என் சந்தேகம். அம்மாவ டாக்டர்கிட்ட கூட்டிட்டு போகணும்னு முந்தின நாளே கேட்டா குடுத்திருப்பீங்களா? நெஞ்ச தொட்டு சொல்லுங்க. உண்மைய சொன்னா கெடைக்காத லீவ் பொய் சொன்னா கெடைக்குதுன்னா மனுஷன் எத சொல்வான்? ரெண்டு மணி நேர பர்மிஷன தாராளமா குடுங்க, உங்ககிட்ட சொல்லிட்டு அவங்களுக்குள்ளயே ஷிஃப்ட் மாத்திக்க விடுங்க, முழு நாள் லீவ் பல தடவ அதுலயே முடிஞ்சிடும். ஓனர் போனஸுக்கு எடுத்து வெச்ச காச வெச்சு நாலு பேருக்கு எல்லா மெஷினும் பழக்கி விட்டா, யார் வரலன்னாலும் லைன் நிக்காது.

கேள்வி: ஜுரத்தோட வேலைக்கு வந்தவர நிக்க வெச்சு எல்லாரையும் கை தட்ட சொல்றார் எங்க மேனேஜர். நியாயமா?

பதில்: அடுத்த வாரம் அவர சுத்தி மூணு சீட் காலியா இருக்கும், அப்ப மேனேஜரையே தனியா தட்ட சொல்லுங்க.