பெரிய பூ எங்கே போனது?

கேள்வி: இரண்டு வருடத்துக்கு முன் வாங்கிய ஹைப்ரிட் டீ ரோஜா, நீளமான காம்பில் ஒற்றையாகப் பெரிய சிவப்புப் பூ விட்டது. இப்போது செடி முன்பைவிட வேகமாக வளர்கிறது. ஆனால் பூக்கள் சின்னதாக, கொத்துக்கொத்தாக, வெளிறிப்போய் வருகின்றன. என்ன உரம் போடலாம் அம்மா?

பதில்: இப்போதைக்கு உரமே வேண்டாம். போட்டால் அது வேறொரு செடிக்குத்தான் போய்ச் சேரும். உங்களிடம் இருப்பது ஒட்டுச்செடி. வேர் ஒரு காட்டு ரோஜாவுடையது. அதில் வைத்துக் கட்டிய துளிர்மொட்டிலிருந்து வளர்ந்ததுதான் நீங்கள் ஆசைப்பட்டு வாங்கிய சிவப்பு ரோஜா. இரண்டும் சேரும் இடத்தில், அடித்தண்டில் முழங்கால் மூட்டு மாதிரி ஒரு புடைப்பு இருக்கும். மண்ணை விரலால் விலக்கிப் பாருங்கள். அதற்குக் கீழிருந்து கிளம்பிய கிளைகள் எல்லாம் காட்டு ரோஜாதான். அவற்றின் வேகத்துக்கு நல்ல செடியால் ஈடுகொடுக்க முடியாது. மெல்ல மெலிந்து போய்விடும்.

ஏழு சிற்றிலை இருந்தால் காட்டுச்செடி, ஐந்து இருந்தால் நல்லது என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். அதை நம்பிக் கத்தரியை எடுக்காதீர்கள். நல்ல ஹைப்ரிட் டீ செடிகளிலும் ஏழு வருவதுண்டு. கிளை எங்கிருந்து புறப்படுகிறது என்று பார்ப்பதுதான் சரி.

மண்மட்டத்தில் வெட்டினால் அடியில் இருக்கும் கணுக்கள் மறுபடி துளிர்க்கும். அதனால் கிளை தொடங்கும் இடம்வரை தோண்டி, கையுறை போட்டுக்கொண்டு, கீழ்நோக்கி இழுத்துப் பிய்த்துவிடுங்கள். என் முதல் மஞ்சள் ரோஜாவை இது தெரியாமல்தான் இழந்தேன். அடியிலிருந்து இளம்பச்சையாக ஒரு குருத்து வந்தபோது, செடி செழிக்கிறது என்று நினைத்து, குச்சி நட்டுக் கட்டிவிட்டேன். அடுத்த வருடம் மஞ்சள் பூ ஒன்றுகூட வரவில்லை. இன்றைக்கும் நினைத்தால் மனசு கனக்கிறது. உங்கள் செடியில் புடைப்புக்கு மேலே ஒரு பச்சைக் கிளை மிஞ்சியிருந்தாலும் போதும், மீட்டுவிடலாம்.

கேள்வி: இதற்கு ஏன் ‘டீ’ என்று பெயர்?

பதில்: சீனாவிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன ஒரு ரோஜா வகையின் வாசம் தேயிலையை நினைவூட்டியதால் அதை டீ ரோஜா என்றார்கள். அதையும் ஹைப்ரிட் பெர்பெச்சுவல் என்ற உறுதியான வகையையும் சேர்த்துப் பிறந்தது இது. 1867-இல் பிரான்சில் வந்த ‘லா ஃபிரான்ஸ்’தான் முதல் ஹைப்ரிட் டீ என்பது பொதுவான கருத்து. திரும்பத் திரும்பப் பூக்கும் குணம் டீ ரோஜா கொடுத்த சொத்து.

கேள்வி: கவாத்து செய்யக் கை நடுங்குகிறது. எவ்வளவு வெட்டலாம்?

பதில்: பயப்படாதீர்கள். ஹைப்ரிட் டீ புதுத்தளிரின் நுனியில்தான் பூக்கும்; பழைய குச்சியைக் காத்து வைப்பதில் பயனில்லை. காய்ந்தது, உரசிக்கொள்வது, பென்சிலைவிட மெலிந்தது, இவற்றை முதலில் எடுங்கள். அப்புறம், நன்கு வேரூன்றிய செடியென்றால் மீதியைப் பாதி உயரத்துக்குக் குறைக்கலாம். வெளிப்பக்கம் பார்த்த துளிர்மொட்டுக்குக் கால் அங்குலம் மேலே, சற்றுச் சாய்வாக வெட்டுங்கள். வெட்டிய இடத்தின் நடுப்பகுதி பழுப்பாக இருந்தால், வெண்மை தெரியும்வரை இன்னும் கீழே போங்கள். ஆறிலிருந்து எட்டு வாரத்தில் பூவைப் பார்ப்பீர்கள். ஆறு மணி நேர வெயில் மட்டும் கட்டாயம்.

கேள்வி: இலையில் கருப்பு வட்டங்கள் வந்து, மஞ்சளாகி உதிர்கின்றன.

பதில்: கரும்புள்ளி நோய். இது ஒரு பூஞ்சை. இலை தொடர்ந்து ஏழு மணி நேரம்போல ஈரமாக இருந்தால் தொற்றிக்கொள்ளும். மாலையில் செடியைக் குளிப்பாட்டும் பழக்கம் இருந்தால் உடனே நிறுத்துங்கள். காலையில், தூரில் மட்டும் தண்ணீர் விடுங்கள். உதிர்ந்த இலைகளை ஒன்றுவிடாமல் பொறுக்கி அப்புறப்படுத்துங்கள். உரக்குழியில் போட வேண்டாம்.