எரர் காயினா, பட்டறை வேலையா?

கேள்வி: நாணயம் சேகரிக்கத் தொடங்கியிருக்கிறேன். ஒரு பக்கத்தில் எழுத்துகள் கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலம் மாறி, பள்ளமாகப் பதிந்த செப்பு நாணயம் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. அபூர்வமான அச்சுப் பிழை என்கிறார் விற்பவர். நம்பலாமா? ஆண்டு எண்ணைத் திருத்திய நாணயங்களும் உலவுகின்றனவாமே, எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: எரர் காயின், அதாவது அச்சடிப்பில் பிழை நேர்ந்த நாணயம் என்று யார் எதைக் காட்டினாலும் முதலில் ஒன்றை யோசியுங்கள்: நாணயச்சாலையில் எந்தக் கட்டத்தில் இந்தப் பிழை நேர்ந்திருக்க முடியும்? வெற்று வில்லையை வெட்டும்போதா, அச்சு விழும்போதா? அப்படி ஒரு கட்டம் பிடிபடவில்லை என்றால், நாணயம் வெளியே வந்த பிறகு யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்றே கொள்ளுங்கள்.

உங்கள் நாணயத்தையே எடுத்துக்கொள்வோம். அச்சடித்த நாணயம் சில நேரம் கீழே விழாமல் ஓர் அச்சோடு ஒட்டிக்கொள்ளும். அடுத்த வில்லை வரும்போது, அந்தப் பக்கம் அச்சுக்குப் பதில் ஒட்டியிருக்கும் நாணயம்தான் அழுத்தும். அதனால் பள்ளமான, இடம் வலம் மாறிய உருவம் பதிகிறது. இது உண்மையாகவே நேரும் பிழை, நல்ல விலையும் உண்டு. ஆனால் அதன் மறுபக்கத்தை எப்போதும்போல அச்சுதான் அடித்திருக்கும். எனவே அங்கே உருவம் மேடாக நிற்க வேண்டும். போலியில் நடப்பது வேறு. இரண்டு நாணயங்களை வைஸில் (பட்டறையின் இறுக்கும் பிடியில்) வைத்து இறுக்குவார்கள். ஏற்கெனவே அடித்த நாணயத்தின் மேல் இன்னொன்று பதிவதால், இடம் வலம் மாறிய எழுத்துகளுக்கு அடியில் பழைய உருவம் நசுங்கிய நிலையில் தெரியும். மறுபக்கமும் பெரும்பாலும் தட்டையாகிவிடும். தோலோ மரமோ கொடுத்து மறுபக்கத்தைக் காப்பாற்றும் சாமர்த்தியசாலிகளும் உண்டு; ஆகவே நசுங்கிய பழைய உருவத்தைத் தேடுவதே உறுதியான வழி.

ஓரம் பிறை போல வெட்டுப்பட்ட நாணயத்துக்கும் இதே கேள்விதான். பிழை வில்லை வெட்டும்போதே நேர்ந்திருந்தால், வெட்டுக்கு நேர் எதிரே உள்ள விளிம்பு பெரும்பாலும் மங்கலாக இருக்கும். விளிம்பை எழுப்பும் கட்டத்தில் அந்த இடத்துக்கு எதிரிலிருந்து அழுத்தம் கிடைக்காததே காரணம். அரத்தால் அறுத்தவருக்கு எதிர் விளிம்பைப் பற்றிய நினைப்பே இருக்காது. இரண்டு பக்கமும் தலை உள்ள நாணயம் பெரும்பாலும் வித்தைக்காரர்களுக்காகச் செய்தது. ஒன்றைக் குடைந்து, இன்னொன்றை மெல்லியதாகச் சீவி உள்ளே பொருத்தியிருப்பார்கள். ஒரு பக்கத்தில் விளிம்பின் உள்சுற்றை லென்ஸில் பார்த்தால் இணைப்புக் கோடு தெரியும்.

ஆண்டு எண் திருத்தத்துக்கு அமெரிக்க ஒரு சென்ட் நாணயங்கள் நல்ல பாடம். 1914-இல் டென்வர் நாணயச்சாலையில் அடித்தது அரிது. 1944-இல் அங்கே அடித்தது ஏராளம். 1944-இன் முதல் 4-ஐச் செதுக்கி 1 ஆக்கிவிடுவார்கள். ஆனால் 4-இன் இடப்பகுதி போனதால், 9-க்கும் அடுத்த 1-க்கும் நடுவே இடைவெளி அகன்றுவிடும். இன்னொரு துப்பும் உண்டு. வடிவமைத்தவரின் வி.டி.பி. என்ற முதலெழுத்துகள் நாணயத்தில் உள்ள லிங்கன் உருவத்தின் தோளில் 1918-இல்தான் இடம்பெற்றன. அவை இருக்கும் ‘1914’ கட்டாயம் போலி. எண்ணை மட்டும் திருத்தியவர் தோளை மறந்துவிடுவார். அதனால் சந்தேகப்படும் நாணயத்தை, அதே ஆண்டின் ஐயமில்லாத நாணயத்தின் படத்தோடு முழுவதுமாக ஒப்பிடுங்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் லூப் (கைலென்ஸ்) போதும். விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தால், எண்ணைச் சுற்றியுள்ள தளத்தில் கீறலோ தாழ்வோ நிழலாகத் தெரியும். எந்த நாணயச்சாலையில் அடித்தது என்று காட்டும் குறி எழுத்தைப் பிறகு ஒட்டவைத்திருந்தால், அதன் அடியில் இணைப்பு தெரியும்.

1943 சென்ட் பெரும்பாலும் துத்தநாகம் பூசிய எஃகு; தவறிப்போய் வெண்கலத்தில் அடித்தவை மிகச் சிலவே. எஃகுக்குச் செம்பு முலாம் பூசி விற்பது மிகப் பழைய தந்திரம். காந்தத்தில் ஒட்டினால் கதை முடிந்தது. ஒட்டாவிட்டால் எடை போடுங்கள்: வெண்கலம் 3.11 கிராம், எஃகு ஏறக்குறைய 2.7 கிராம். எடையும் சரியாக இருந்தால் 1948-ஐச் செதுக்கியதாக இருக்கலாம். உண்மையான 1943-இல் 3-இன் வால் மற்ற எண்களைவிடக் கீழே நீளும். 8-இலிருந்து செய்த 3-க்கு அந்த வால் வராது.

பளபளப்பிலும் ஏமாறாதீர்கள். கம்பித் தூரிகையால் தேய்த்த நாணயத்தில், எழுத்துகளின் ஓரத்தில் உலோகம் குவிந்திருக்கும். இயல்பான ஒளி, நாணயத்தைச் சாய்க்கச் சாய்க்கச் சக்கரம்போல் சுழலும்.

உங்களுக்கு வந்த நாணயத்துக்கு, இரண்டு பக்கப் படத்தையும் கிராமின் இரண்டாம் தசம இடம் வரையிலான எடையையும் விற்பவரிடம் கேளுங்கள். மறுபக்கம் தட்டையாக இருந்தாலோ, பள்ளமான பக்கத்தில் பழைய உருவத்தின் தடம் தெரிந்தாலோ வாங்க வேண்டாம். எல்லாம் பொருந்தி, விலையும் பெரிதென்றால், பிசிஜிஎஸ், என்ஜிசி போன்ற தரச்சான்று நிறுவனத்தின் சான்று கிடைத்த பிறகே பணம் தருவதாகச் சொல்லுங்கள். அதுவரை அதைக் கழுவவோ, அமிலம் தொட்டுப் பார்க்கவோ கூடாது. அசலாகவே இருந்தாலும் மதிப்பு சரிந்துவிடும்.