ஏலத்தில் 51 ரூபாய், பார்சலுக்கு 650 ரூபாயா?

பழைய பித்தளைத் தூக்குச்சட்டியை ஆன்லைன் ஏலத்தில் போட்டிருக்கிறேன். கூரியருக்கு 140 ரூபாய் ஆகிறது. 200 என்று போட்டால் தப்பா? (வாசகி, கோவை)

அட்டைப்பெட்டி, பபிள் ராப், டேப் எல்லாம் சேர்த்து 60 ரூபாய் ஆகிறதென்றால் தப்பே இல்லை. ஆகவில்லை என்றால் தப்பு. லாபத்தை ஏல விலையில் பாருங்கள்.

ஒரு ரூபாயில் ஆரம்பித்த கிராமபோன் இசைத்தட்டு 51 ரூபாய்க்கு எனக்கு முடிந்தது. ஏலம் முடிந்த பிறகு பார்சல் செலவு 650 என்கிறார். பக்கத்தில் அப்படி எதுவும் போடவில்லை. (வாசகர், மதுரை)

கட்டாதீர்கள். எனக்கு ரத்தம் கொதிக்கிற விஷயம் இது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஈபே தளம் ஒரு காலத்தில் பொருள் விற்ற விலைக்கு மட்டும்தான் கமிஷன் எடுத்தது. உடனே சிலர் பொருளை அடிமாட்டு விலைக்குப் போட்டு, மொத்தக் காசையும் தபால் செலவில் ஏற்றினார்கள். கமிஷனும் மிச்சம், பட்டியலில் மலிவு என்ற பெயரும் கிடைத்தது. 2011-இல் அமெரிக்காவில் தபால் செலவுக்கும் சேர்த்துக் கமிஷன் எடுக்க ஆரம்பித்தார்கள். அந்தப் பழைய வேலையைத்தான் உங்கள் விற்பனையாளர் செய்கிறார்.

நம் நாட்டில் 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் தெளிவாக இருக்கின்றன. தளத்தில் விற்பவர் மொத்த விலையை ஒரே தொகையாகக் காட்ட வேண்டும். டெலிவரி, தபால், கையாளும் செலவு எவ்வளவு என்று பிரித்தும் காட்ட வேண்டும். வீட்டுப் பழம்பொருள் ஒன்றிரண்டை எப்போதாவது விற்பவருக்கு இந்த விதிகள் பொருந்தாது. தொடர்ந்து விற்பவருக்குப் பொருந்தும், அதனால் அவருடைய மற்ற ஏலங்களையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். முதலில் தளத்தில் புகார் கொடுங்கள், அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யுங்கள்.

வெளிமாநிலத்துக்காரர் ஒருவரிடம் நான் சுவர்க்கடிகாரம் வாங்கியபோது, நன்றாகப் பேக் செய்ய வேண்டும் என்று சொல்லி 480 ரூபாய் வாங்கினார். வந்த பெட்டியில் ஒட்டியிருந்த தபால் சீட்டில் 110 ரூபாய். உள்ளே ஒரே சுற்று செய்தித்தாள், கண்ணாடி சுக்குநூறு. இன்றும் பார்சல் வந்தால் முதலில் அந்தச் சீட்டைத்தான் பார்க்கிறேன்.

மலிவாக இருக்கிறதே என்று ஒரு கேமரா லென்ஸை ஏலம் கேட்டு எடுத்துவிட்டேன். டெலிவரி 400 என்று கீழே போட்டிருந்ததைக் கவனிக்கவில்லை. வாங்காமல் விடலாமா? (வாசகர், திருச்சி)

போட்டிருந்தார், நீங்கள் படிக்கவில்லை. பணத்தைக் கட்டுங்கள்.

காகிதக்கூழ் கொலு பொம்மை, பெட்டியோடு ஒன்றரைக் கிலோகூட இல்லை. கூரியரில் 6 கிலோவுக்குப் பணம் கேட்கிறார்கள். வாங்கியவரிடம் கூடுதலாகக் கேட்கலாமா? (வாசகி, விழுப்புரம்)

கூரியர்காரர் ஏமாற்றவில்லை. பெட்டி பெரிசாக இருந்தால் அது அடைக்கும் இடத்துக்கும் எடை போடுவார்கள். நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி, பெரும்பாலும் 5000-ஆல் வகுப்பார்கள். 50, 30, 20 அளவுள்ள பெட்டி என்றால் சரியாக 6 கிலோ. நிஜ எடை, இந்த எடை, இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் பணம். ஆனால் சொன்ன தொகையை ஏலம் முடிந்த பிறகு ஏற்றக் கூடாது. இந்தத் தடவை வித்தியாசத்தை நீங்களே கட்டிவிடுங்கள். இனி பேக் செய்து, அளந்து, எடை போட்ட பிறகு ஏலத்தில் போடுங்கள்.

ஒரே ஆளிடம் நான்கு தபால்தலை செட் எடுத்தேன். ஒவ்வொன்றுக்கும் 60 வீதம் 240 கேட்கிறார். (வாசகர், நாகர்கோவில்)

நான்கும் ஒரே கவரில்தானே வரப்போகிறது? பணம் கட்டும் முன்பே ஒரே பில்லாகப் போட்டுத் தரச் சொல்லுங்கள்.

படத்தில் இருந்த சேலை வேறு, வந்தது வேறு. திருப்பி எடுத்துக்கொள்கிறேன், ஆனால் அனுப்பிய செலவு 150-ஐப் பிடித்துக்கொள்வேன் என்கிறார். (வாசகி, சேலம்)

விடாதீர்கள். காட்டியது ஒன்று, அனுப்பியது ஒன்று என்றால் தவறு முழுக்க அவருடையது. திரும்ப எடுக்கவோ பணம் தரவோ மறுக்கக் கூடாது என்று நான் மேலே சொன்ன விதிகளே சொல்கின்றன. அந்த 150 ரூபாயையும், திருப்பி அனுப்பும் செலவையும் சேர்த்தே கேளுங்கள். வந்த சேலையைப் படமெடுத்து, தளத்தில் இருந்த படத்தோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தளத்துக்கு இன்றைக்கே எழுதுங்கள். பணம் கைக்கு வரும்வரை கவரைத் தூக்கிப் போட வேண்டாம்.