புத்தகம் இல்லாத கெல்ஸில் என்ன இருக்கிறது?

கேள்வி: டப்ளினில் மகள் வீட்டில் இருக்கிறேன். ட்ரினிட்டி கல்லூரியில் கெல்ஸ் நூலை, அதாவது பைபிளின் நற்செய்திகளைக் கையால் எழுதி ஓவியம் தீட்டிய பழைய ஏட்டை, பார்த்துவிட்டோம். புத்தகமே இங்கே இருக்கும்போது கெல்ஸ் ஊருக்குப் போனால் ஒரு நாள் வீண்தான் என்கிறார் மருமகன். போகலாமா?

பதில்: கட்டாயம் போங்கள் அம்மா. முடிந்தால் மருமகனையும் அழைத்துப் போங்கள். புத்தகத்தைக் கண்ணாடிப் பெட்டிக்குள், வரிசையில் நின்று, பின்னால் இருப்பவர்கள் நெருக்க நெருக்கப் பார்த்திருப்பீர்கள். கெல்ஸில் அப்படி யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள்.

806-ல் வைக்கிங்குகள் என்ற வடநாட்டுக் கடல் கொள்ளையர்கள் ஸ்காட்லாந்துக் கரையோர அயோனா தீவு மடத்தில் புகுந்து 68 பேரைக் கொன்றார்கள். புனித கொலம்பா நிறுவிய மடம் அது. அதையொட்டிய ஆண்டுகளில் அங்கிருந்த துறவிகள் கெல்ஸில் புது மடம் கட்டிக்கொண்டார்கள், 814-ல் தேவாலயம் முடிந்தது. நூலை அயோனாவில் எழுதினார்களா, கெல்ஸிலா, பாதி அங்கே பாதி இங்கேயா என்று அறிஞர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள்.

புனித கொலம்பா தேவாலய வளாகத்துக்குள் நுழைந்ததும் உருளைக் கோபுரம் கண்ணில் படும். சுமார் 26 மீட்டர் உயரம், உச்சியில் இருந்த கூம்புக் கூரை இப்போது இல்லை. 1076-ல் அரச பதவிக்கு உரிமை கோரிய ஒருவரை இதற்குள்ளேயே கொன்றிருக்கிறார்கள். பக்கத்திலேயே தெற்குச் சிலுவை, சிற்பம் செதுக்கிய உயரமான கல்சிலுவை, அதில் பைபிள் கதைகளில் வரும் ஆதாம் ஏவாள், சிங்கக் குகையில் தானியேல் எல்லாம் இருக்கிறார்கள். மழையில் தேய்ந்துபோன உருவங்கள்தான், ஆனாலும் வெயில் சாய்வாக விழும் நேரத்தில் பார்த்தால் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பிக்கும்.

ஆனால் நான் அதிக நேரம் நின்றது கிழக்குச் சிலுவை முன்னால்தான். அது பாதியில் நின்ற வேலை. கல்தச்சர் சிலுவை வடிவத்தை வெட்டி முடித்துவிட்டார், சிற்பம் வரவேண்டிய இடங்களைக் கட்டம் கட்டமாகப் புடைப்பாக விட்டிருக்கிறார், இயேசு சிலுவையில் அறையப்பட்ட காட்சியைச் செதுக்கியிருக்கிறார், அப்புறம் உளியைக் கீழே வைத்துவிட்டார். மற்ற கட்டங்களெல்லாம் வெறும் கல். முடிந்த சிலுவையில் கதை தெரியும், இதில் வேலை எந்த வரிசையில் நடந்தது என்பதே தெரியும். அடுத்து எங்கே உளி வைத்திருப்பார் என்று கை வைத்துக் காட்டிவிடலாம் போல இருந்தது எனக்கு.

வெளியே வந்து மேட்டில் கொஞ்சம் ஏறினால் கொலம்பா வீடு. செங்குத்தாகச் சரியும் கூரை முழுக்கக் கல். பெரும்பாலும் பூட்டித்தான் இருக்கும், சாவியைப் பற்றி முதலிலேயே சுற்றுலா அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் போங்கள். உள்ளே மேல் அறைக்கு ஏணி, முழங்கால் வலி இருந்தால் அதில் ஏற வேண்டாம்.

கேள்வி: அவ்வளவு பெருமை இருந்தும் புத்தகம் ஏன் ஊரை விட்டுப் போனது?

பதில்: ஒருமுறை திருட்டே போயிருக்கிறது. 1007-ல் தேவாலயத்திலிருந்து தூக்கிப்போய், தங்கம் பதித்த உறையைப் பிய்த்துக்கொண்டு நூலைப் புதைத்துவிட்டார்கள். 2 மாதம் 20 நாள் கழித்துப் புல்தரைக்கு அடியில் கிடைத்தது. ஐரிஷ் ஈரமண்ணில் அத்தனை நாள் கிடந்த கன்றுத்தோல் ஏடுகள்! 1650-களில் இங்கிலாந்துத் தளபதி க்ராம்வெலின் படை கெல்ஸில் தங்கியபோது பாதுகாப்புக்காக டப்ளினுக்கு அனுப்பினார்கள். பிறகு மீத் பிஷப் ஹென்றி ஜோன்ஸ் வழியாக ட்ரினிட்டிக்குப் போனது, அங்கேயே தங்கிவிட்டது. புத்தகம் கைவிட்டுப் போய்விட்டதே என்ற ஊர்க்காரர்களின் ஆதங்கம் நியாயமானதுதான் என்று நினைக்கிறேன்.

கேள்வி: ரயில் உண்டா?

பதில்: இல்லை. டப்ளினிலிருந்து 109-ஆம் எண் பஸ், தூரம் சுமார் 65 கிலோமீட்டர். ஊருக்குள் எல்லாமே நடக்கும் தூரம்தான். பழைய நீதிமன்றத்துக்கு வெளியே நிற்கும் சந்தைச் சிலுவையை விட்டுவிடாதீர்கள். சரி, மழைக்கோட்டு எடுத்துக்கொள்ளுங்கள், வளாகத்தில் ஒதுங்க இடம் குறைவு.