மந்திரத்தில இருந்து விலகேலுமா? (டைஸ் மேசை: வாசகர் கேள்வி பதில்)

இந்த முறை வந்த கேள்விகள் கனக்க ஒரே இடத்ததான் சுத்துது, டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் எண்டுற, டைஸ் உருட்டிக் கதையா விளையாடுற மேசை விளையாட்டுல விலகுற பவர் எல்லாம் மந்திரத்துக்கு வேலை செய்யுமா எண்டுறது. கேட்ட ஆக்களில கூட ஆக்கள் விளையாடுறது அஞ்சாவது எடிஷன், அதால நானும் அத வச்சே சொல்றன், 2014 புத்தகமும் 2024 புத்தகமும் மாறுற இடத்த மட்டும் தனியாச் சொல்றன்.

கேள்வி: அண்ணன், என்ட ரோக் (கள்ளன் மாதிரியான கேரக்டர்) லெவல் 7, ஈவேஷன் எண்டுற விலகுற பவர் இருக்கு. ஜன்னல் இல்லாத ஒரு சின்ன அறை, ஒரே ஒரு கதவு, அதையும் பூட்டிட்டாங்க. அதுக்குள்ள ஃபயர்பால் (நெருப்பா வெடிக்கிற மந்திரம்) விழுந்திச்சி. நான் சேவ் எடுத்துட்டன் (தப்புறதுக்கு உருட்டின டைஸ்ல வெண்டுட்டன்), எனக்கு டேமேஜ் இல்ல எண்டு சொன்னா டிஎம் (கேம நடத்துறவர்) விடுறார் இல்ல, "அறை முழுக்க நெருப்பு, நீ எங்க போய் விலகின? பாதியாவது எடு" எண்டுறார். ஆரு சரி? (கல்லடி)

பதில்: நீங்கதான் சரி தம்பி. ஃபயர்பால் 20 அடி ரேடியஸ், 8டி6 டேமேஜ் (ஆறு பக்க டைஸ் எட்டு உருட்டிக் கூட்டுறது), டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு, சுருக்கமா டெக்ஸ்) சேவ் எடுத்தா பாதி. ஈவேஷன்ட வேலையே இந்த "சேவ் எடுத்தா பாதி" எண்டுற வரியப் பாத்து அத மாத்துறதுதான், சேவ் எடுத்தா பூச்சியம், எடுக்காட்டியும் பாதிதான். டைஸ்ல 29 விழுந்திச்சி எண்டு வைங்க, பக்கத்தில நிக்கிற ஃபைட்டர் சேவ் எடுத்தா 14, எடுக்காட்டி 29, உங்களுக்கு எடுத்தா 0, எடுக்காட்டி 14. அறை சின்னனா பெரிசா, கதவு பூட்டியா திறந்தா எண்டு அந்த ரூல்ல ஒரு சொல்லும் இல்ல.

உங்கட டிஎம் குழம்புற இடம் எனக்கு நல்லா விளங்குது, விலகுறது எண்டா நிண்ட இடத்த விட்டுப் போகணும் எண்டு அவர் நினைக்கிறார். அப்பிடி இல்ல. பவுன்சர் வரக்குள்ள பேட்ஸ்மேன் கிரீஸ விட்டு ஓடுறானா, குனியிறான், பந்து தலைக்கு மேலால போகுது, ஆள் அதே இடத்திலதான் நிக்கிறான். ஈவேஷனும் அதுதான், உங்கட மினியேச்சர் மேப்ல ஒரு கட்டமும் நகராது. எப்பிடித் தப்பின எண்டு கதையாச் சொல்ற பொறுப்பு மட்டும் உங்களுக்கும் டிஎம்முக்கும் இருக்கு, செத்துக் கிடக்கிற ஓர்க் அரக்கன இழுத்து மேல போட்டன் எண்டு சொல்லுங்க, மேசையக் கவுட்டுப் பின்னால படுத்தன் எண்டு சொல்லுங்க. அறைக்குள்ள ஆரும் கையில வச்சிருக்காத, பத்தக்கூடிய சாமான் எல்லாம் பத்தும், அது ஃபயர்பால்ட ரூல்லயே இருக்கு, அதால டிஎம்மும் புகை, எரியிற கதவு எண்டு அடுத்த ரவுண்ட வடிவா இறுக்கலாம். அதுக்கு அவருக்கு முழு உரிமை இருக்கு, ஆனா நீங்க லெவல் 7 வரைக்கும் காத்திருந்து எடுத்த பவர விளையாட்டு நடுவில பறிக்கிறது நியாயமில்ல. மாத்தணும் எண்டா கேம் தொடங்க முதல் எல்லாருக்கும் சொல்லிட்டு மாத்தட்டும்.

ஒரு இடத்தில மட்டும் கவனம். உங்களுக்கு முதல்ல ஹோல்ட் பர்சன் மந்திரம் அடிச்சி பேரலைஸ் (அசைய ஏலாம) ஆக்கிட்டு மறுகா ஃபயர்பால் போட்டா டெக்ஸ் சேவ் தானாவே தோல்வி. 2014 புத்தகத்தின்ட எழுத்தப் பாத்தா அப்பவும் ஈவேஷன் இருக்கு, பாதிதான் படும். 2024ல இன்கபாசிடேட் (ஒண்டும் செய்ய ஏலாத நிலை, பேரலைஸும் அதில சேரும்) ஆனா ஈவேஷன் இல்ல எண்டு தெளிவாப் போட்டுட்டாங்க, அதால முழுசும் விழும். என்னக் கேட்டா 2024 சொல்றதுதான் சரி, அசைய ஏலாதவன் என்னெண்டு விலகுற?

கேள்வி: ரோக்ட அன்கேனி டாட்ஜ் (படுற அடியப் பாதியாக்கிற பவர்) வச்சி ஃபயர்பால்ட டேமேஜயும் பாதியாக்க ஏலாதா? பேரிலயே டாட்ஜ் எண்டு இருக்கே. (காரைதீவில இருந்து ஒரு தங்கச்சி)

பதில்: ஏலாது தங்கச்சி. பேரப் பாக்காதீங்க, டைஸ ஆரு உருட்டுறார் எண்டு பாருங்க, முக்கால்வாசிக் குழப்பம் அதிலயே தீந்திடும். மந்திரம் போடுறவர் உங்கட ஆர்மர் கிளாஸுக்கு (அடி படாம காக்கிற எண்) எதிரா டி20 (இருபது பக்க டைஸ்) உருட்டினா அது அட்டாக். நீங்க உருட்டினா அது சேவ். அன்கேனி டாட்ஜ், ரோக்குக்கு லெவல் 5ல வாறது, அட்டாக்குக்கு மட்டும்தான், அதுவும் அடிக்கிற ஆள் உங்கட கண்ணுக்குத் தெரியணும், உங்கட ரியாக்ஷனும் (ரவுண்டுக்கு ஒருக்கா செய்யிற பதில் நடவடிக்கை) மிச்சம் இருக்கணும். ஃபயர் போல்ட், எல்ட்ரிச் பிளாஸ்ட் எல்லாம் மந்திரம்தான் எண்டாலும் அட்டாக் ரோல், அதால தாராளமாப் பாவிக்கலாம். ஸ்கார்ச்சிங் ரே மூணு கதிர், மூணும் தனித்தனி அட்டாக், ரியாக்ஷன் ஒண்டுதான், அதால ஒரு கதிர்ட டேமேஜ்தான் பாதியாகும், மத்த ரெண்டும் பட்டா முழுசா வாங்கத்தான் வேணும்.

மேஜிக் மிசைல் மந்திரம் இன்னொரு மாதிரி. அதில அடி படுமா எண்டு போடுறவரும் உருட்டுறல்ல, நீங்களும் உருட்டுறல்ல, நேரா வந்து படும். ஈவேஷன், அன்கேனி டாட்ஜ், டாட்ஜ் ஆக்ஷன் (உங்கட முறையில அடிக்காம விலகுறதுக்கே நிக்கிறது) ஒண்டும் அதுக்கு எடுபடாது, உங்கட விசார்ட் (மந்திரவாதி) ஷீல்ட் ஸ்பெல் வச்சிருந்தா தனக்கு வாறதத் தடுத்துக்கொள்ளுவார்.

கேள்வி: டிஸின்டகிரேட் (ஆளத் தூளாக்கிற மந்திரம்) டெக்ஸ் சேவ்தானே அண்ணே, அப்ப ஈவேஷன் இருந்தா தோத்தாலும் பாதிதானே? (களுவாஞ்சிக்குடி)

பதில்: இல்ல தம்பி, இது பொல்லாத இடம். டிஸின்டகிரேட்ல சேவ் எடுத்தா ஒண்டுமில்ல, எடுக்காட்டி 10டி6ம் அதோட 40ம். "பாதி" எண்டுற சொல்லே அந்த ஸ்பெல்ல இல்ல, அதால ஈவேஷனுக்கு அங்க வேலையும் இல்ல. முழுசும் விழும், ஹிட் பாயின்ட் (உயிர்ப் புள்ளி) பூச்சியத்துக்குப் போனா ஆள் தூள்தான். சேக்ரட் ஃபிளேம் மந்திரமும் இதே கதை, சின்ன அளவில. கோன் ஆஃப் கோல்ட்ல பாதி எண்டு இருக்கு, ஆனா அது கான்ஸ்டிடியூஷன் (உடம்பு வலு) சேவ், ஈவேஷன் டெக்ஸ் சேவுக்கு மட்டும்தான், அதால அதுக்கும் இல்ல.

கேள்வி: நான் கிளெரிக் (பூசாரி மாதிரியான கேரக்டர்), ஈவேஷன் ஒண்டும் இல்ல. மந்திரவாதி முன்னால நிக்கக்குள்ள டாட்ஜ் ஆக்ஷன் எடுக்கிறது ஒரு டர்ன வீணாக்கிற மாதிரியா? (காத்தான்குடி)

பதில்: வீணே இல்ல, ஆக்கள் இத மறந்துபோறதுதான் எனக்குக் கவலை. டாட்ஜ் எடுத்தா உங்கட அடுத்த டர்ன் தொடங்கிற வரைக்கும் கண்ணுக்குத் தெரியிற ஆக்கள் அடிக்கிற அட்டாக் எல்லாம் டிஸட்வான்டேஜ் (ரெண்டு டைஸ் உருட்டி குறைஞ்சத எடுக்கிறது), உங்கட டெக்ஸ் சேவ் எல்லாம் அட்வான்டேஜ் (கூடினத எடுக்கிறது). உங்கட டெக்ஸ் சேவ் +1, மந்திரவாதிட டிசி (சேவுக்கு எட்ட வேண்டிய எண்) 15 எண்டு எடுங்க, 14 அல்லது அதுக்கு மேல விழணும், அது நூத்துக்கு 35. ரெண்டு டைஸ் உருட்டி நல்லத எடுத்தா கிட்டத்தட்ட 58. கான்சன்ட்ரேஷன்ல (கவனம் வச்சி மந்திரத்த நிலைக்க வைக்கிறது) ஸ்பிரிட் கார்டியன்ஸ் மந்திரம் ஓடுது எண்டா டாட்ஜ் எடுத்துட்டு சும்மா நிண்டாலே அது சுத்தி உள்ளவனப் பாத்துக்கொள்ளும், உங்களுக்கு அடி குறைஞ்சா கான்சன்ட்ரேஷன் உடையிற பயமும் குறையும்.

ஆனா ஸ்பீட் பூச்சியமானா டாட்ஜ் போயிடும். வெப் (வலை) ஸ்பெல்ல மாட்டி ரெஸ்ட்ரெயின்ட் (கட்டுப்பட்ட நிலை) ஆனா அதுதான் நடக்கும், அதோட டெக்ஸ் சேவும் டிஸட்வான்டேஜ், மேல ஆரும் நெருப்பு வச்சா அந்த வலையே எரிஞ்சி 2டி4 டேமேஜ் தரும். புத்தியுள்ள மந்திரவாதி முதல்ல வெப், அடுத்தது ஃபயர்பால் எண்டுதான் வருவான். அதால தூண், சுவர் எதுவும் இருந்தா வெள்ளனவே அதுக்குப் பின்னால நில்லுங்க, அரைவாசி மறைப்புக்கு டெக்ஸ் சேவ்ல +2, முக்கால்வாசி மறைப்புக்கு +5. மறைப்ப வெடிக்கிற இடத்தில இருந்துதான் பாக்கிற, மந்திரவாதி நிக்கிற இடத்தில இருந்து இல்ல, இதில கனபேர் பிழை விடுறாங்க.

கேள்வி: எங்களிட்ட இருக்கிறது பழைய 3.5 எடிஷன் புத்தகம். அதில ஈவேஷன் லெவல் 2லயே கிடக்கு, நீங்க 7 எண்டுறீங்க? (திருக்கோவில்)

பதில்: ரெண்டும் சரி, எடிஷன் வேற. 3.5ல கெதியாக் கிடைக்கும், ஆனா ரிஃப்ளெக்ஸ் சேவ் (அந்த எடிஷன்ல டெக்ஸ் சேவ் மாதிரி) தோத்தா முழு டேமேஜ், தோத்தாலும் பாதி எண்டுறது இம்ப்ரூவ்ட் ஈவேஷன் எடுத்த பிறகுதான். லைட் ஆர்மர் இல்லாட்டி ஆர்மரே இல்லாம இருந்தாத்தான் வேலை செய்யும். அன்கேனி டாட்ஜ் அதில முழுக்க வேற சாமான், எதிர்பாராம அடிக்க வந்தாலும் உங்கட டெக்ஸ் போனஸ் ஆர்மர் கிளாஸ்ல நிக்கும், டேமேஜப் பாதியாக்கிற கதையே இல்ல. 2009ல வந்த பாத்ஃபைண்டர் எண்டுற விளையாட்டுட முதல் எடிஷனும் இந்த வழிதான். உங்கட கூட்டத்தில ஒராள் போன்ல அஞ்சாவது எடிஷனப் பாத்திட்டு வந்து நிப்பார், அதால கேரக்டர் ஷீட்ல பேருக்குப் பக்கத்திலயே எந்த எடிஷன் எண்டு எழுதி வைங்க.